தைரொயிட் குளிசை: பெட்டி மாறினால் கணக்கும் மாறுமா?

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்கிறவர்கள் போடும் தைரொக்சின் குளிசையைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரிதான் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வருமென்று நினைக்கவேயில்லை. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட முடியாது, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று: நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பில் 25 வருடம் பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள், அதில் 14 வருடமாக அதே குளிசையை நானும் விழுங்குகிறவள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டருடைய வேலை. அவரிடம் போக முன்னம் உங்கள் வீட்டுக்குள் பார்க்க வேண்டியதை மட்டும் நான் சொல்லலாம், பல வேளை கோளாறு அங்கேதான் இருக்கும்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 46. கிளினிக்கில் தைரொக்சின் 50 குளிசை, காலையில் இரண்டு போடச் சொன்னார்கள், நாலு வருடமாகப் போட்டு வருகிறேன். போன மாதம் கிளினிக்கில் குளிசை முடிந்துவிட்டது, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள். பாமசியில் வேறு கம்பனிக் குளிசை தந்தார்கள். மூன்று கிழமையாக நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது, இரவில் நித்திரை இல்லை. அந்தக் கம்பனிக் குளிசை எனக்கு ஒத்துவரவில்லையா? பெட்டியையும் உறையையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: தங்கச்சி, நீங்கள் படம் அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. கம்பனிப் பெயரை விடுங்கள், அதற்குக் கீழே இருக்கிற எண்ணைப் பாருங்கள். 100 என்று போட்டிருக்கிறது. கிளினிக்கில் தந்தது 50, அதனால் இரண்டு. பாமசிக்காரர் தந்தது 100, அதில் ஒன்று போதும். உறையிலும் அவர் ‘காலை 1’ என்றுதான் எழுதியிருக்கிறார், ஆனால் அந்த 1-க்கு மேலேயே உறை மடிந்து கிடக்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. தரும்போது வாயால் ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை போல. நீங்களும் நாலு வருடப் பழக்கத்தில் கை போன போக்கில் இரண்டாகப் போட்டுவிட்டீர்கள். ஆக மூன்று கிழமையாக உங்கள் உடம்புக்குள் போவது 200 மைக்ரோகிராம், சரியாக இரண்டு மடங்கு. நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்?

இதைக் கண்டவுடனே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இப்படி நடந்துவிட்டால் அடுத்த நாள் குளிசையைப் போடாமல் நேரே டொக்டரிடம் போங்கள். ஒரு நாள் விடுபட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஏனென்றால் தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். அதே காரணத்தால் நடுக்கமும் நாளைக்கே நிற்காது, ஆறுதலாகத்தான் அடங்கும். பயந்துபோய் நீங்களாகவே மாதக் கணக்கில் நிறுத்திவிடவும் கூடாது. நெஞ்சு நோ, மூச்சு முட்டல், நெஞ்சு தாளம் தப்பி அடிப்பது என்று வந்தால் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம், 1990-க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சில பெட்டிகளில் 50 மைக்ரோகிராம் என்று இருக்கும், சிலவற்றில் அதையே 0.05 மில்லிகிராம் என்று அச்சடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். 0.1 மில்லிகிராம் என்றால் 100. பூச்சியத்தைக் கண்டு ‘இது குறைந்த மருந்து’ என்று நினைத்து மூன்று நாலு போட்ட ஆட்களை என் கவுண்டரிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, கம்பனி மாறுவதில் ஒன்றுமே இல்லையா என்றால் அப்படியும் சொல்ல மாட்டேன். எல்ட்ரொக்சின், தைரோனோர்ம், அரசாங்கக் குளிசை எல்லாவற்றிலும் உள்ள மருந்து ஒன்றுதான், நாம் தைரொக்சின் என்று சொல்லும் லெவோதைரொக்சின். ஆனால் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் துளியாக இருக்கும், மிச்சமெல்லாம் சேர்மானம். சேர்மானம் மாறினால் குளிசை வயிற்றில் கரைகிற விதமும் கொஞ்சம் மாறலாம். 2007இல் நியூசிலாந்தில் எல்ட்ரொக்சினின் தயாரிப்பு கனடாவிலிருந்து ஜேர்மனிக்குப் போய்ச் சேர்மானமும் மாறியபோது முறைப்பாடு குவிந்தது. 2017இல் பிரான்ஸில் லெவோதைரொக்ஸ் குளிசையில் லக்டோஸை எடுத்துவிட்டு மனிற்றோலும் சித்திரிக் அமிலமும் சேர்த்தார்கள். குளிசை நாட்பட்டாலும் வீரியம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது, ஆனால் களைப்பு, தலைமுடி உதிர்வு, தலைச்சுற்று என்று ஆயிரக்கணக்கானோர் முறையிட்டார்கள். அதில் எவ்வளவு மருந்தால் வந்தது, எவ்வளவு பயத்தால் வந்தது என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

நமக்கு அந்தச் சண்டை தேவையில்லை. முடிந்தவரை ஒரே கம்பனியில் நில்லுங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததைத்தான் எல்லாரும் வாங்கினோம், நானும்தான். அப்படி மாற வேண்டி வந்தால் எண் ஒன்றா என்று பாருங்கள், மாறிய திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள், பழைய வெறும் பெட்டியை மடித்து அதே கொப்பிக்குள் வையுங்கள், ஆறிலிருந்து எட்டுக் கிழமையில் டீ.எஸ்.எச் (தைரொயிட்டை வேலை வாங்கும் ஹோர்மோனின் இரத்தச் சோதனை, உடம்பில் தைரொக்சின் குறைந்தால் இது கூடும், கூடினால் இது குறையும்) பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய குளிசையும் புதிய குளிசையும் கலந்த கணக்குத்தான் வரும், காசும் வீண்.

கேள்வி: என் மனைவிக்கு 58 கிலோ. 50-இல் தொடங்கி 75, 100, இப்போது 125 ஆகிவிட்டது. ஆனாலும் டீ.எஸ்.எச் 11க்குக் கீழே இறங்குதில்லை. உடம்பும் குறையவில்லை, எந்நேரமும் களைப்பு. இந்தியக் குளிசையில் சரக்கே இல்லை என்று ஆட்கள் சொல்கிறார்கள். கூடின விலைக்கு வெளிநாட்டுக் குளிசை எடுப்போமா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: தம்பி, காசைக் கையில் வைத்திருங்கள், முதலில் ஒரு சின்னக் கணக்கு. சுரப்பி முற்றாக வேலை செய்யாத வளர்ந்தவருக்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் அளவில்தான் தேவைப்படும். 58 கிலோவுக்கு 93 வரும். 125 போட்டும் காணவில்லை என்றால், குளிசை வாய்க்குள் போகிறது, இரத்தத்துக்குள் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். பெரும்பாலும் கம்பனியின் பிழையாக இருக்காது, காலை நேரத்தின் பிழையாக இருக்கும்.

நாளைக்கு விடிய எழும்பி ஒன்றும் சொல்லாமல் குசினிப் பக்கம் இருந்து பாருங்கள். நம் பக்கத்துப் பெண்கள் குளிசையைத் தனியாகப் போடுவது குறைவு. அடுப்பில் கேத்தில் கொதிக்கும், பிள்ளைக்குச் சாப்பாடு கட்ட வேண்டும், ஒரு கையால் குளிசையை வாயில் போட்டு மற்றக் கையில் இருக்கிற பால் தேத்தண்ணியில் விழுங்கிவிட்டு, பத்து நிமிடத்தில் பாணும் பருப்பும். மனைவி அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை, செய்கிறாரா என்று பாருங்கள். இந்தக் குளிசைக்கு வெறும் வயிறும் வெறும் தண்ணியும் வேண்டும், அதற்குப் பிறகு அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம், தேத்தண்ணியும் கோப்பியும் கூட வேண்டாம். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசை, வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி மருந்து, இவை தைரொக்சினைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது, நாலு மணித்தியாலம் இடைவெளி தேவை. சோயாவும் கொஞ்சம் தடுக்கும், ஆகவே காலையில் சோயா கலந்த சமபோஷ சத்துமா சாப்பிடுகிறவர் என்றால் அதைப் பின்னேரத்துக்கு மாற்றலாம், சோயா மீற் கறியைப் பகல் சோற்றோடு வைத்துக்கொள்ளலாம்.

மருந்து விற்ற எனக்கே இது நடந்தது. 2016இல் வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் தொடங்கினேன், டொக்டர் இரண்டு கிழமைக்குத்தான் எழுதினார், நான் கடையிலேயே நிற்கிறவள்தானே, ஏழு மாதம் இழுத்துவிட்டேன். டீ.எஸ்.எச் 9-ஐத் தாண்டிவிட்டது. ‘இந்த பாட்ச் சரியில்லை’ என்று நானே மருந்து ஏஜென்டோடு சண்டைக்குப் போனேன். வயிற்றில் அமிலம் குறைந்தால் தைரொக்சின் கரைவதும் குறையும் என்று படித்தவள், பரீட்சையில் எழுதியவள், ஆனால் என் வயிறென்று வந்தபோது அது ஞாபகம் வரவில்லை. அந்த ஏஜென்ட் பொடியன் நல்லவன், ‘அக்கா வேறு ஏதும் குளிசை போடுறீங்களா’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றான்.

குளிசை எத்தனை மிச்சம் என்றும் எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு ஆறேழு விடுபட்டாலும் இதே றிப்போட்தான் வரும். ஏசாதீர்கள், எண்ணுங்கள். இவை எல்லாம் ஒழுங்காக இருந்தும் டீ.எஸ்.எச் இறங்கவில்லை என்றால்தான் குடலில் ஏதும் கோளாறா, இரைப்பையில் அழற்சியா என்று டொக்டர் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. காலைப் பழக்கத்தைத் திருத்திய உடனே அந்த 125 முழுதாக உள்ளே இறங்கத் தொடங்கும். அப்போது அது மனைவிக்குக் கூடிப்போகலாம். ஆகவே திருத்த முன்னம் டொக்டரிடம் சொல்லுங்கள், திருத்திய திகதியிலிருந்து ஆறு கிழமையில் இரத்தம் சோதியுங்கள். கம்பனி, அளவு, நேரம் மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

உடம்பு குறைவதைப் பற்றி: தைரொயிட் குறைவால் ஏறும் நிறை பெரும்பாலும் ஒருசில கிலோதான், அதிலும் நீரும் உப்பும் நிறைய. கணக்குச் சரிவந்தால் அது போகும். மிச்சத்தைக் குளிசை குறைக்காது, குறைக்கட்டும் என்று அளவைக் கூட்டிக் கேட்டால் எலும்பும் நெஞ்சும்தான் பழுதாகும்.

கேள்வி: உம்மாவுக்கு 62 வயது, தைரொக்சின் 75 போடுகிறா. நோன்பு காலத்தில் எந்த நேரம் போடுவது? போன வருடம் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடு போட்டா, பிறகு சரியான களைப்பு.
– காத்தான்குடி வாசகி

பதில்: நோன்பு திறக்கிற நேரம் வெறும் வயிறுதான், ஆனால் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் முன்னால் இருக்க, குளிசையைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருக்க யாருக்கு மனம் வரும்? இரண்டு வழி இருக்கிறது. இராச்சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, தராவீஹ் தொழுது வந்து, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் ஆன பிறகு படுக்கப் போகும்போது போடலாம். இல்லாவிட்டால் சஹருக்கு எழும்பியவுடன் வெறும் தண்ணியில் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பிடலாம். சமைக்கிறவர் உம்மா என்றால் இரண்டாவது சுகம், எப்படியும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தித்தானே எழும்புவா. தராவீஹுக்குப் பிறகு வீட்டில் வடை, சமோசா என்று கொறிக்கிற பழக்கம் இருந்தால் முதல் வழி சரிவராது. எதை எடுத்தாலும் மாதம் முழுக்க அதிலேயே நிற்கச் சொல்லுங்கள். இரவில் போடுவது நோன்புக்கு வெளியிலும் பிழையில்லை, கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவர்களும் இப்படிச் செய்யலாம்.

கேள்வி: எனக்கு 27 வயது. இரண்டு வருடமாகத் தைரொக்சின் 75. இப்போது ஆறு கிழமைக் கர்ப்பம். குழந்தைக்கு ஆகாது என்று மாமி குளிசையை நிறுத்தச் சொல்கிறா. அடுத்த கிளினிக் நாலு கிழமை கழித்துத்தான்.
– தம்பிலுவில் வாசகி

பதில்: மகள், நிறுத்தவே கூடாது, நாலு கிழமை காத்திருக்கவும் கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தத் தைரொயிட் வேலை செய்யாது, உங்களுடையதில்தான் அதன் மூளை வளர்கிறது. கர்ப்பத்தில் தேவை கூடும், கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. கர்ப்பம் தெரிந்தவுடனே கிழமைக்கு ஏழுக்குப் பதிலாக ஒன்பது குளிசை என்று டொக்டர்மார் கூட்டுவது வழக்கம், ஆனால் அதை உங்கள் றிப்போட்டைப் பார்த்து அவர் சொல்லட்டும். இந்தக் கிழமையே போங்கள், மருத்துவமாதுவிடம் சொன்னால் அவ திகதியை முன்னுக்கு எடுத்துத் தருவா. பாதிக் கர்ப்பம் வரை நாலு கிழமைக்கு ஒருதரம் டீ.எஸ்.எச் பார்க்க வேண்டியிருக்கும்.

கர்ப்பவதி கிளினிக்கில் ஒரே பையில் இரும்பும் கல்சியமும் தருவார்கள், திரிபோஷவும் தருவார்கள். எல்லாம் நல்லதுக்குத்தான், ஆனால் எல்லாம் தைரொக்சினுக்குக் குறுக்கே நிற்கிறவை, திரிபோஷவில் இருப்பது சோளமும் சோயாவும். விடிய தைரொக்சின், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கல்சியம், இரவில் இரும்பு, திரிபோஷ பின்னேரம். மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள், அடுத்த முறை அவவையும் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். டொக்டர் சொன்னால் கேட்பா.

கேள்வி: நான் ஆசிரியை. ஆறு மாதமாக டீ.எஸ்.எச் 2.3 இருந்தது, இப்போது 0.1, எஃப்.டி.4 (இரத்தத்தில் உள்ள தைரொக்சின் அளவு) கூடிக் காட்டுகிறது. குளிசையில் மாற்றமே இல்லை, உடம்பிலும் ஒரு வருத்தமும் இல்லை. லாப் பிழையா?
– கொக்கட்டிச்சோலை வாசகி

பதில்: லாப்பைக் குறை சொல்ல முன்னம் ஒன்று கேட்கிறேன், தலைமுடிக்கு ஏதும் விற்றமின் எடுக்கிறீர்களா? தலைமுடி கொட்டுகிறது என்று இப்போது எல்லாரும் பயோட்டின் வாங்குகிறார்கள், தைரொயிட் ஆட்களுக்கு முடி கொட்டுவதும் கூட. சில பரிசோதனை முறைகளில் பயோட்டினே உள்ளுக்கு ஒரு பங்காளி, ஆகவே இரத்தத்தில் பயோட்டின் கூடினால் டீ.எஸ்.எச் குறைந்தும் எஃப்.டி.4 கூடியும் பொய்யாகக் காட்டும். அதை நம்பி அளவைக் குறைத்தால் உண்மையான கஷ்டம் பிறகு வரும். எடுப்பதாக இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நாள் நிறுத்தித் திரும்பப் பாருங்கள். அன்றைக்குக் குளிசையை இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள், ஏனென்றால் போட்ட சில மணித்தியாலத்துக்கு எஃப்.டி.4 கொஞ்சம் கூடி நிற்கும். பயோட்டின் எடுக்கவே இல்லை என்றால் றிப்போட்டோடு டொக்டரிடம்தான் போக வேண்டும், வருத்தம் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குளிசையை பிரிஜ்ஜுக்குள் வைக்கலாமா? எங்கள் வீடு தகரக் கூரை, வெயில் காலத்தில் உள்ளே நிற்க முடியாது.
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: தைரொக்சினுக்கு வெக்கை, வெளிச்சம், ஈரம் மூன்றும் ஆகாது. பிரிஜ்ஜில் முதலாவது இல்லை, ஆனால் வெளியே எடுத்தவுடன் போத்தலுக்குள் வேர்க்கும், அது மூன்றாவது. கூரைக்குக் கிட்ட உள்ள தட்டும் அடுப்புப் பக்கமும் யன்னல் கட்டும் வேண்டாம். அலுமாரியின் கீழ்த்தட்டில், இருட்டில், வந்த போத்தலிலேயே மூடி இறுக்கி வையுங்கள். அட்டையில் வருவதென்றால் ஒரு கிழமைக்கு உரியதை எல்லாம் முன்கூட்டியே உரித்து டப்பாவில் போடாதீர்கள், அன்றன்றைக்கு ஒன்றை உரியுங்கள். மருந்து வாங்கிக்கொண்டு மோட்டார்சைக்கிளின் பெட்டிக்குள் போட்டுவிட்டு மத்தியானம் முழுக்க வெயிலில் விட்டுவிட்டுச் சுற்றுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

கேள்வி: தைரொயிட்டுக்கு ஆகாது என்கிறார்களே, மரவள்ளிக் கிழங்கும் கோவாவும் (முட்டைக்கோஸ்) சாப்பிடக் கூடாதா? உப்பைக் கூட்டிச் சாப்பிட்டால் குளிசையை நிறுத்தலாமா?
– ஏறாவூர், திருக்கோவிலிலிருந்து மூன்று பேர்

பதில்: அவித்துச் சமைத்து அளவோடு சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது. பச்சைக் கோவாவைச் சாறு பிழிந்து நாள்தோறும் குடிக்காவிட்டால் சரி. உப்பு விஷயம் வேறு. இலங்கையில் 1995இலிருந்து தைரொயிட்டுக்குத் தேவையான அயடீனை உணவு உப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, போதாததுக்கு நாம் கடல்மீனும் சாப்பிடுகிற ஆட்கள். இப்போது இங்கே தைரொயிட் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது, 1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டொக்டர் எழுதிவைத்த நோய். அதற்கு உப்பு மருந்தாகாது. உப்பைக் கூட்டினால் பிரஷர் குளிசையும் சேர்ந்துகொள்ளும், அதற்குத் தனியாக ஒரு கிளினிக் கொப்பி திறக்க வேண்டிவரும்.